பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு மடல்: மதம் மாறாமல் மணம் முடிக்க வழி விடுங்கள்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி குவைத்தில் ஏசி மெக்கானிக். அவன் மணக்க இருக்கும் பெண் மண்ணடியில் பிறந்து வளர்ந்தவள். அவளும் குவைத்திலேயே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். அவன் இந்து, அவள் முஸ்லிம். இருவரும் இந்தியக் குடிமக்கள், சட்டம் சொல்லும் வயதைத் தாண்டியவர்கள், இதுவரை மணமாகாதவர்கள். மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்ய வழிதரும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் தகுதிகளில் எதுவும் அவர்களிடம் குறையவில்லை. இருந்தும் அந்தச் சட்டத்தின் வாசலுக்கு அவர்களால் வந்து சேர முடியவில்லை.

உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர்கள், அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பும் திருமண அறிவிப்பை நம் சார்பதிவாளர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்புக் காலம் முடிந்ததும், ஊருக்கு வர முடியாதவர் காணொலி வழியாக உறுதிமொழி சொன்னால் அதை ஏற்க வேண்டும். இந்த இரண்டையும் மாநிலம் முழுவதற்குமான சுற்றறிக்கையாக நீங்கள் வெளியிட வேண்டும்.

நாள்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, மணமக்களில் ஒருவராவது அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பு 30 நாளாவது அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு ஆட்சேபணைக்காக இன்னொரு 30 நாள். யாராவது ஆட்சேபணை தெரிவித்துவிட்டால் விசாரணைக்கு மேலும் 30 நாள் வரை போகும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குவைத் தொழிலாளர் சட்டம் தரும் ஆண்டு விடுப்போ மொத்தம் 30 வேலை நாள். குடியிருந்ததாகக் காட்டுவதற்கே அந்த விடுப்பில் பெரும்பகுதி போய்விட்டால், அறிவிப்புப் படிவத்தை நீட்டிய கையோடு அவன் விமானம் ஏற வேண்டும். செவிலியர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்புக் கிடைப்பதே பெரும்பாடு.

“அங்கேயே முடித்துக்கொள்ளலாமே” என்று பலரும் கேட்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறதே என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கிறது. மணமக்களில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும், தூதரகத்தில் உள்ள திருமண அலுவலர் முன்னிலையில் மணம் முடிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, அந்தந்த நாட்டின் சட்டம் தடைசெய்யும் திருமணத்தை நடத்தி வைக்க மறுக்கும் உரிமையை அந்த அலுவலருக்குத் தருகிறது. முஸ்லிம் பெண் ஒருத்தி முஸ்லிம் அல்லாத ஆணை மணப்பதைக் குவைத் சட்டம் ஏற்பதில்லை. அந்த வாசலும் இவர்களுக்கு அடைத்துவிட்டது. சிங்கப்பூர் போனவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் அங்கே முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் மதம் மாறாமலே பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிகிறது. வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாவற்றுக்கும் சொந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த அலுவலகம் கைவிட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

திருமணம் முடியாமல் அங்கே அவர்கள் ஒரே வீட்டில் வாழ முடியாது. குடும்ப விசாவுக்கு முதலில் கேட்பதே திருமணச் சான்றிதழைத்தான். அதுவும் இங்கே மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன்பின் குவைத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் பெற்றதாக இருக்க வேண்டும். நாளை ஒரு குழந்தை பிறந்தால் அதன் பிறப்பைப் பதியவும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். இரண்டு பேரும் ஒரே நகரத்தில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கடைத்தொகுதியில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, ஆளுக்கொரு பஸ் ஏறிப் போகிறார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விசாரித்தபோது ஒருவர், வயதில் பெரியவர், என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடுதான் சொன்னார்: “அம்மா, ஸ்பெஷல் மேரேஜ் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சரிப்பட்டு வராது. பையன் கலிமா சொல்லி முஸ்லிமாகிவிட்டால் இந்த வாரமே நிக்காஹ் முடிந்துவிடும். அது வேண்டாம் என்றால் பெண்ணுக்கு மதமாற்றச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், கோயிலில் தாலி கட்டிவிட்டு வாருங்கள், உடனே பதிந்துவிடலாம். எது உங்களுக்கு வசதி?” அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தினமும் அந்த வாசலில் நிற்கிறவர், எந்த வழி திறந்திருக்கிறதோ அதைக் காட்டினார்.

அன்று இரவு அந்தப் பெண்ணிடம் போனில் இதைச் சொன்னேன். ரமலான் மாதத்தில் பன்னிரண்டு மணி நேரப் பணியில் நின்றுகொண்டே நோன்பு பிடிக்கிறவள் அவள். “என் நோன்பு எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது அக்கா. ஒரு சான்றிதழுக்காக அதை நான் எப்படி இல்லை என்று எழுதிக் கொடுப்பேன்?” என்று கேட்டாள். தம்பியோ, வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயிலுக்கும் அம்மாவை அழைத்துப் போய் வளர்ந்தவன். அவன் கலிமா சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். பொய்யான கலிமாவை அந்தப் பெண்ணே ஏற்க மாட்டாள். உண்மையான நம்பிக்கையோடு மதம் மாறுகிறவர்கள் மாறட்டும். அது அவர்கள் உரிமை. சான்றிதழ் எண்ணுக்காக மாறச் சொல்வது இரண்டு மதங்களையும் அவமதிப்பது.

சிறப்புத் திருமணச் சட்டம் பிறந்த கதையை நினைத்தால் மனம் இன்னும் வேதனைப்படுகிறது. இந்தப் பெயரில் முதல் சட்டம் வந்தது 1872இல். அதன் கீழ் மணம் முடிக்க, “நான் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை” என்று ஒவ்வொரு மதமாக மறுத்து உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. 1923இல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவருக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. யாரும் தன் நம்பிக்கையை மறுக்காமல் யாரையும் மணக்கலாம் என்ற நிலையைச் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் 1954இல்தான் கொண்டுவந்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் போராடிப் பெற்ற உரிமை அது. அந்த உரிமைக்கான வழியை எல்லாவற்றிலும் நீளமானதாகவும், மதமாற்றத்துக்கான வழியை எல்லாவற்றிலும் குறுகியதாகவும் வைத்திருந்தால், 1872க்குத்தானே நம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறோம்?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. மண்ணடிக்குப் பக்கத்தில் அரண்மனைக்காரன் தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும் ஆர்மீனியர் தேவாலயமும் இருக்கின்றன. அதே தெருவின் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற ஊர் இது. ரங்கூன் போனார்கள், சிங்கப்பூர் போனார்கள், கப்பல் வேலைக்குப் போனார்கள், இப்போது வளைகுடாவுக்குப் போகிறார்கள். போன இடத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளையைச் சந்தித்து மனம் ஒன்றிப்போவது இங்கே அதிசயமா? என் தம்பியும் அவளும் சென்னையில் இருந்தவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இங்கே பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவு. பழகியது குவைத்தில்.

அடுத்து, அறிவிப்புப் பலகை. சட்டத்தின் 6ஆம் பிரிவு அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்கிறது. மணமக்களின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்டத்துக்கும் ஒரு நகல் போய் அங்கேயும் ஒட்டப்படும். எங்கள் பகுதி அலுவலகத்தில் அந்தப் பலகை மாடிப்படிக்குக் கீழே, கம்பி வலைக் கதவு போட்டு, மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர், வயது, தொழில், கதவு எண், தெருப் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஓர் அறிவிப்பில் ஒட்டியிருந்த பெண்ணின் படத்தை ஓர் இளைஞர் வலைக்கு வெளியே நின்று, கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்து, வலைக் கம்பி மறைக்காத கோணம் கிடைக்கும்வரை எடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணுக்கு உறவா, அயலாரா, யாருக்குத் தெரியும்? அதைக் கேட்கவும் அங்கே ஆள் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படம் நேரடியாக ஆபத்தாக முடியாமல் போகலாம். முகவரியில் இருக்கிற வயதான பெற்றோரின் வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்கள்? எங்கள் சித்தப்பாவே முதலில் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் வீட்டிலும் அப்படித்தான், பெரியவர்களில் ஒருவர் வாழ்த்தினார், ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். குடும்பத்துக்குள் நடப்பதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். முன்பின் தெரியாத கும்பலை அழைத்து வருகிற வேலையை அரசு அலுவலகச் சுவர் செய்யக் கூடாது.

அந்தப் பலகையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். வயது, ஏற்கனவே திருமணமானவர், விலக்கப்பட்ட உறவுமுறை போன்ற 4ஆம் பிரிவுக் காரணங்கள் மட்டுமே செல்லும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பொய்யான காரணத்தை எழுதினாலும் விசாரணை நடக்க வேண்டும். ஆட்சேபணை நியாயமற்றது என்று முடிவானால், 9ஆம் பிரிவுப்படி ஆட்சேபித்தவர் தர வேண்டிய இழப்பீடு அதிகபட்சம் 1,000 ரூபாய். 1954இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று 1,000 ரூபாய் கையில் இருக்கிற எவரும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் ஆண்டு விடுப்பையே விழுங்கிவிட முடியும்.

உங்கள் அலுவலர்களை நான் குறைசொல்ல வரவில்லை. அறிவிப்பை வெளியிடாமல் திருமணம் நடத்தி வைத்தால் 46ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறைக்குப் போக வேண்டியவர் அந்தச் சார்பதிவாளர்தான். மேலிடத்து உத்தரவு கையில் இல்லாமல் அவர் தயங்குவது நியாயம். அதனால்தான் அவரிடம் கெஞ்சாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பதில் சட்டத்துக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை. அறிவிப்பை “எழுத்தில்” கொடுக்க வேண்டும் என்றுதான் 5ஆம் பிரிவு சொல்கிறது. இருவரும் கவுன்டர் முன்னால் வந்து நின்றுதான் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றும் எங்கும் இல்லை. ஆனாலும் இரண்டையும் எங்களிடம் கேட்டார்கள்.

இதே அலுவலகத்தில் ஒரு வீட்டை விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குவைத்தில் இருக்கும் என் தம்பி அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு ஒரு பவர் பத்திரம் அனுப்பினால் போதும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 33ஆம் பிரிவு, அதை அப்படியே ஏற்கிறது. அவன் ஊருக்கு வராமலே எங்கள் தாத்தா கட்டிய வீடு கைமாறிவிடும். தூதரக அதிகாரி “இது இவர் கையெழுத்துத்தான்” என்று சொன்னால் சொத்துக்கு நம்புகிற துறை, திருமண அறிவிப்புக்கு மட்டும் ஏன் நம்பக் கூடாது? திருமணத்துக்கே பவர் பத்திரம் கொடுக்கச் சொல்லவில்லை. சம்மதத்தை மணமக்கள் தம் வாயால்தான் சொல்ல வேண்டும். அறிவிப்புப் படிவம் வேறு, சம்மதம் வேறு.

சம்மதத்துக்கும் வழி ஏற்கனவே காட்டப்பட்டிருக்கிறது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. மணமகன் அமெரிக்காவில் இருந்தார். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருந்தும் திருமணம் நடக்காததால் விடுப்பு முடிந்து திரும்பிப் போனவர் அவர். சட்டம் தொழில்நுட்பத்தோடு நடைபோட வேண்டும் என்ற பார்வையில், காணொலி வழியாக மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணத்தை நடத்தி வைக்கும்படி நீதிமன்றம் சார்பதிவாளருக்கு உத்தரவிட்டது. அவர் சார்பில் மணமகளே பதிவேட்டில் கையெழுத்திடவும் அனுமதித்தது. இதை எங்கள் பகுதி அலுவலகத்தில் எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில்: “அது அந்த வழக்குக்கு மட்டும். நீங்களும் ஓர் உத்தரவு வாங்கி வாருங்கள்.” ஒவ்வொரு ஜோடியும் வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டுமா? மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அது முடிகிற காரியமா?

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. வெளிநாட்டில் ஏற்கனவே மணமானதை மறைத்து இங்கே வந்து இன்னொரு பெண்ணை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024இல் சட்ட ஆணையத்தின் 287ஆவது அறிக்கை பரிந்துரைத்ததும் அத்தகைய மோசடிகளை நினைத்துத்தான். பெண்களைப் பெற்றவர்களின் அந்தப் பயத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் குவைத்தில் ஒருவனுக்கு மனைவி இருந்தால், தண்டையார்பேட்டைச் சுவரில் ஒட்டிய தாள் அவள் கண்ணில் எப்படிப் படும்? அங்குள்ள தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி, மணமாகாதவர் என்று உறுதிமொழி கொடுத்து, தூதரகப் பலகையிலும் அறிவிப்பு ஒட்டப்பட்டால்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. நான் கேட்கும் வழியில் மோசடிக்கு இடம் குறையும்.

நீண்டகாலத் தீர்வு சட்டத் திருத்தம்தான் என்பது எனக்குத் தெரியும். திருமணம் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணங்களுக்கு இந்த மாநிலம் சட்ட ஏற்புக் கொடுத்தது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட பெரியவர்களின் திருமணங்களுக்கு அன்றுதான் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். மதம் கடந்து மணப்பவர்களுக்கு அதற்கு இணையான ஒரு திருத்தத்தைத் தமிழ்நாடு கொண்டுவர முடியும்: 30 நாள் குடியிருப்புக்குப் பதிலாக நிரந்தர முகவரியே போதும் என்று சொல்லலாம், படமும் கதவு எண்ணும் பலகையில் வேண்டாம் என்று சொல்லலாம். அந்தக் கோரிக்கையைத் துறை அமைச்சருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை போக வேண்டும், காலம் பிடிக்கும். சுற்றறிக்கைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

தம்பிக்கு அடுத்த விடுப்பு தை மாதத்தில். அந்தப் பெண்ணும் அதே நாட்களைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் இந்த மடலுக்குத் துறையிடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வேண்டும். தூதரகத்தில் கையெழுத்திட்ட அறிவிப்பை எங்கள் பகுதிச் சார்பதிவாளர் வாங்குவாரா, மாட்டாரா? மாட்டார் என்றால் எந்தப் பிரிவின் கீழ்? 2022 தீர்ப்பு மற்ற ஜோடிகளுக்கும் பொருந்துமா? பதில் சாதகமாக இருந்தால் அவர்கள் அறிவிப்பை இந்த மாதமே அனுப்பிவிடுவார்கள். பாதகமாக இருந்தால் அந்தப் பதிலை இணைத்து உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்வோம். அதற்கும் எங்களுக்கு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து
அவர்கள் இருவருக்கும் அக்கா